எட்டிப் பார்க்காமல் கேட்ட ஏலம்

பிறத்தியார் பூட்டிவிட்டுப் போன அறைக்கு விலை சொல்வதுதான் டெல்மர் கோவாச்சின் பிழைப்பு. யங்ஸ்டவுனில் இரும்பாலையை மூடியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு லாரி ஓட்டினார், கூரை வேய்ந்தார், சாராயக் கடை வாசலில் காவல் நின்றார். எதுவும் நிலைக்கவில்லை. கட்டியவளும் நிலைக்கவில்லை. கடைசியில் ஒட்டிக்கொண்டது இந்த ஏலம் ஒன்றுதான்.

வீடு போனவர்கள், ஊர் மாறுகிறவர்கள், பிரிந்துபோகிற புருஷன் பெண்டாட்டி என்று எல்லாரும் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை மாத வாடகைக்குக் கிடங்கில் போட்டுப் பூட்டி வைப்பார்கள். வாடகை சில மாதம் நின்றால் கிடங்குக்காரன் பூட்டை வெட்டி ஏலம் விட்டுவிடுவான். ஷட்டரைத் தூக்கியதும் வாசலில் நின்றுகொண்டு ஐந்து நிமிடம் பார்க்கலாம். காலை உள்ளே வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. கையில் டார்ச் இருந்தால் அடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்துக்குள் எவ்வளவு கேட்பது, எங்கே நிறுத்துவது என்று முடிவு கட்ட வேண்டும்.

டெல்மரின் கணக்கு எளிமையானது. கண்ணுக்குத் தெரிகிற சாமானை மட்டும் விலை போட்டுக் கூட்ட வேண்டும். அதில் பாதியை எடுத்துக்கொண்டு, விற்காததைக் குப்பைக் கிடங்கில் கொட்டும் கூலியைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் கடைசி விலை. மூடிய பெட்டிக்குள் இருப்பதற்கும் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதற்கும் விலை பூஜ்யம். இப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், போட்ட கணக்கின்படி கையை மடக்கிக்கொண்டு நிற்கிறவன் ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம்!

டெல்மரும் ஒரு தடவை சூடு கண்டவர்தான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் ஓர் அறைக்கு ஏற்றிக்கொண்டே போனான். பைத்தியக்காரன் என்று சிரித்துவிட்டு டெல்மர் இருநூறில் ஒதுங்கினார். மறுநாள் பார்த்தால் உள்ளே காப்பி டப்பா டப்பாவாகப் பழைய வெள்ளிக் காசு. அந்த ஆள் உடைமைக்காரனின் மச்சானாம், எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான். அந்த வயிற்றெரிச்சல் டெல்மருக்கு இன்னும் ஆறவில்லை.

மார்ச் மாதம், வியாழக்கிழமை. மழையா பனியா என்று தீர்மானிக்க முடியாத ஒரு சனியன் காலையிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. டெல்மர் சட்டைப்பையில் எழுநூறு டாலர் இருந்தது. அதில் நானூறு சந்தைக் கடைக்கு. வார இறுதிச் சந்தையில் வாசலோரக் கடை அவருடையது. பருவ வாடகையை இந்தச் சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வேறொருத்தனுக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். கடை போனால் பிழைப்பும் போச்சு. ஆகவே இன்றைக்கு முந்நூறுக்கு மேல் ஒரு காசும் இறக்குவதில்லை என்று வண்டியை விட்டு இறங்கும்போதே உறுதி எடுத்திருந்தார்.

"வாய்யா டெல்மர், முட்டி இன்னும் கழண்டு விழலியா?" என்றான் சால் பெட்ராக்கோ. ஏலத்துக்கு ஏலம் சந்திக்கிற கூட்டாளி. அந்தக் கூட்டத்தில் டெல்மரோடு நின்று பேசுகிற ஒரே ஆள்.

"விழுந்தா உங்கிட்டதான் விக்கணும். நீதான் ஓட்ட ஒடசல் எல்லாத்தையும் வாங்குவியே."

முதல் நாலு அறைகளும் கைக்கு எட்டவில்லை. கையில் காசுள்ள இளவட்டங்கள் ஏற்றிவிட்டார்கள். கடைசி அறையின் ஷட்டர் மேலே போனதும் கூட்டம் முகம் சுளித்தது. கறுப்புக் குப்பைப் பைகள், சமையலறை நாற்காலிகள் நாலு, ஒட்டுப் போட்ட அட்டைப் பெட்டிகள். பின்சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. டெல்மர் டார்ச்சை ஓட்டிப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார். எண்பது டாலர். அதற்கு மேல் கேட்கிறவன் மடையன்.

இருபத்தைந்தில் ஆரம்பித்தது. டெல்மர் ஐம்பது என்றார்.

"எழுபத்தஞ்சு," என்றது ஒரு பெண் குரல்.

திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். விடுதியில் அறை துடைக்கிறவர்கள் போடுகிற சீருடை கோட்டுக்கு அடியில் தெரிந்தது. இந்தக் கூட்டத்தில் இதுவரை பார்த்ததில்லை. எல்லாரும் வாசலில் முண்டியடித்தபோது இவள் எங்கே நின்றாள் என்று யோசித்தார். ஓரமாக, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அல்லவா நின்றாள்! கையில் டார்ச்சும் இல்லை. இப்போதுகூட ஏலக்காரரின் வாயைப் பார்க்கிறாளே தவிர அறைப் பக்கம் கண் போகவில்லை.

டெல்மருக்கு அந்தப் பழைய வெள்ளிக் காசு ஞாபகத்துக்கு வந்தது.

"நூறு," என்றார்.

"நூத்தி இருபத்தஞ்சு."

சால் அவர் கையைப் பிடித்து இழுத்தான். "விட்டுத் தொலைய்யா. மூட்டையும் முடிச்சுமா கெடக்கு, அதுக்குப் போயி..."

"அவ எட்டியே பாக்கலடா."

"பாக்கலன்னா?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவதான் பாக்க மாட்டா. அந்தத் தார்ப்பாய்க்கு அடியில என்னமோ இருக்கு."

"ஒம் மண்டதான் இருக்கு."

இருநூறு ஆயிற்று, முந்நூறு ஆயிற்று. முந்நூறைத் தாண்டும்போது உள்ளே ஒரு குரல் 'கடை, கடை' என்று கத்தத்தான் செய்தது. யார் கேட்டார்கள்? அவள் யோசிக்காமல் ஏற்ற ஏற்ற இவருக்குச் சந்தேகம் போய் நிச்சயமே வந்துவிட்டது. ஐந்நூறில் சால் தலையில் அடித்துக்கொண்டு விலகிப் போனான். அறுநூறு என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. சொல்லிவிட்டுப் பணப்பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

"அறுநூத்தி இருபது!" என்றார் டெல்மர்.

"அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் ஏலக்காரர்.

அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். முடிந்தது. சுத்தம் செய்து ஒப்படைப்பதற்கான முன்பணம் ஐம்பதையும் கட்டிய பிறகு டெல்மர் பையில் முப்பது டாலர் இருந்தது. அவள் தன் பழைய காரில் ஏறி வெகு நேரம் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். தோற்ற கடுப்பு, வேறென்ன என்று டெல்மர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். சிரிக்க நேரம் பார்த்தார் மனுஷன்!

கார் போன பிறகு கயிற்றை அறுத்துத் தார்ப்பாயை இழுத்தார்.

தானாக நிற்க முடியாதவர்களை வார்ப்பட்டையால் கட்டி நிமிர்த்தி நிறுத்துகிற இரும்புச் சட்டம் ஒன்று. மார்புப் பட்டையும் முட்டிப் பட்டையும் தேய்ந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

பெட்டிகளைக் கிழித்தார். பெரியவர்களுக்கான அணையாடைகள், உணவு செலுத்தும் குழாய்கள், கழுத்தில் கட்டும் பிளாஸ்டிக் துண்டுகள். பைகளில் வளர்ந்த ஆணின் சட்டைகள், எல்லாவற்றிலும் முதுகுப் பக்கம் நீளமாக வெட்டி நாடா தைத்திருந்தது. ஒரு பை மட்டும் இன்னொரு பைக்குள் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் பாவம் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். துவைக்காத சட்டைகள், ஒரு தலையணை உறை. வியர்வையும் தைலமும் புளித்த பாலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

"தூ!" என்று அதைத் தூக்கி வண்டிக்குள் வீசினார்.

யாரோ பெற்ற பிள்ளையின் சாமான்கள் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கடை போச்சே என்கிற ஆத்திரத்தில் அந்தப் புரிதல் எங்கோ அமுங்கிக் கிடந்தது. சால் வந்து நாற்காலிகளுக்கு நாற்பது டாலர் கொடுத்தான். இரக்கப்பட்டுத்தான் கொடுத்தான்.

"மிச்சத்த இன்னிக்கே கொட்டப் போறியா? எப்பவும் ஒரு ராத்திரி விட்டு வெப்பியேய்யா. யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு நீதான சொல்லுவே?"

"இந்தப் பீத்துணிய எவன் வந்து கேப்பான்? பூட்டி வெச்சா குட்டியா போடப் போகுது? கொட்டிட்டு வந்தா முன்பணம் அம்பதாவது கைக்கு வரும்."

"கோவத்துல பண்ணாதய்யா..."

"நீ ஒன் வேலையப் பாரு."

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புகைப்படங்கள் கிடைத்தால் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி, அதனால் அந்தப் பெட்டியை மட்டும் பிரித்தும் பார்க்காமல் கொடுத்தார். மற்றதெல்லாம் குப்பைக் கிடங்கின் அமுக்கி இயந்திரத்துக்குள் போனது. சட்டத்தைப் பழைய இரும்புக்காரன் காலணாவுக்கு எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய தகர வீட்டு வாசலில் அந்தப் பழைய கார் வந்து நின்றது. டெல்மர் பல்கூடத் துலக்கவில்லை. அவள் இறங்கி வந்தாள், அதே சீருடை. கையில் ஒரு கடித உறை.

"மன்னிக்கணும் சார். ஆபீஸ் பொண்ணுதான் விலாசம் குடுத்துச்சு, போட்டோ வாங்கப் போனேன். எம் பேரு நொரீன் ஹாலர்."

"சொல்லுங்க."

"அந்த ரூம் என்னோடது. என் மவன் சாமான். டேரன்னு பேரு, போன வருஷம் போயிட்டான்." மூச்சு விட்டுக்கொண்டாள். "இதுல எழுநூறு இருக்கு. நேத்து ராத்திரி முதலாளி கால்ல விழுந்து முன்பணம் வாங்கிட்டேன். இன்னும் வேணும்னாலும் மாசா மாசம் குடுத்துடறேன் சார். நீங்க நஷ்டப்பட வேணாம்."

டெல்மர் அந்த உறையைப் பார்த்தார். எழுநூறு. போட்ட காசும் வரும், கடையும் நிற்கும். கையை நீட்டினால் போதும். ஆனால் பதிலுக்குக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

"ஏம்மா, நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? 'இது எம் பொருளு'ன்னு சொல்லியிருந்தா அங்க ஒருத்தனும் வாயத் தொறந்திருக்க மாட்டான். நாங்க யாருமே அப்படிக் கேக்க மாட்டோம்மா. அஞ்சு டாலருக்கு உங்களுக்கே போயிருக்கும்!"

"பாக்கி வெச்சவங்க ஏலம் கேக்கக் கூடாதுன்னு சுவத்துல எழுதிப் போட்டிருக்காங்களே சார். பாக்கியே ஆயிரத்துக்கு மேல ஏறிப்போச்சு. இந்த மாதிரி ரூமெல்லாம் நூறுக்குத்தான் போகும்னு கேள்விப்பட்டு வந்தேன். தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்கன்னு அந்தப் பக்கமே திரும்பல. திரும்பியிருந்தா அழுதிருப்பேன்." அவள் அவரைத் தாண்டி வண்டியை எட்டிப் பார்த்தாள். "சாமான் இன்னும் கெடங்குலயே இருக்கா?"

டெல்மர் வாசற்படியை விட்டு இறங்கி வந்தார்.

"கொட்டிட்டேம்மா. நேத்தே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை, நாலு அடி அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

"இரும்புச் சட்டம், குழாயி எல்லாம் போகட்டும் சார். ஒரு பையி இருந்துச்சு. ரெண்டு முடிச்சு போட்டு. அது மட்டும் வேணும்னுதான்..."

"அமுக்கி எந்திரத்துல போட்டுட்டாங்கம்மா. அது இப்ப குப்ப மலைக்கு அடியில இருக்கும். நான் என்ன பண்ணுவேன்? நான் ஒரு மடையன்."

"அவன் கடைசியா போட்டிருந்தது. தொவைக்காம கட்டி வெச்சேன். தொறந்தா போயிடுமோன்னு நானே ஒரு தடவகூட தொறக்கல."

பனி மறுபடியும் விழ ஆரம்பித்திருந்தது. அவள் உறையை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். காருக்குப் போய்க் கதவைத் திறந்தவள், ஏறாமல் நின்றாள்.

"நீங்க தொறந்தீங்களா சார்?"

"தொறந்தேன்."

"அவன் வாசன இன்னும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்றார் டெல்மர்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினாள்.