பத்துக் கதவுப் புத்தகம்

நான் செய்த புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. தேயிலை அடைக்கிற பழுப்புக் காகிதத்தை விசிறி மாதிரி மடித்து, தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எங்கள் லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளையும் வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதக் கதவு வெட்டியிருந்தேன். கதவைத் திறந்தால் அந்த வீட்டுக்குள் நடப்பது தெரியும். பதுளையில் ஒரு கண்காட்சிக்கு முதல் தடவையாக என்னையும் ஓவியனென்று மதித்துக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் காலை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக வேண்டாத நாள். பசை காயட்டும் என்று அதை வாசலிலிருக்கிற இஸ்தோப்புத் திண்ணையில் விரித்துவைத்தேன், புத்திகெட்டவன். அரைமணி நேரத்தில் லயமே கூடிவிட்டது. தன் வீட்டுக் கதவை முதலில் திறந்தவர் ஒருத்தராவது உண்டா? எல்லாரும் பக்கத்து வீட்டைத்தான் திறந்தார்கள். மூன்றாம் காம்பரா அக்கா நான்காம் வீட்டைத் திறந்து, ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஏழு சட்டிகள் இருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். நான்காம் வீட்டு அண்ணன் சும்மா விடுவாரா? அக்காவின் வீட்டுக்காரர் டிவி முன்னால் வாயைப் பிளந்து தூங்குவதை எல்லாருக்கும் திறந்து காட்டினார்.

பிறகு திருத்தங்கள் தொடங்கின. கண்காட்சிக்குத் தோட்டத்துத் தொரை வந்தாலும் வருவார், பார்த்தாவது கூரையை மாற்றட்டும், சட்டியை இன்னும் நாலு கூட்டு என்றார் அண்ணன். தன் புருஷன் வாயை மூடிவிடச் சொன்னார் அக்கா. கலைஞன் உள்ளதைத்தான் காட்டுவான் என்று நான் நீட்டி முழக்கினேன். கொழுப்பு, வேறென்ன!

அக்கா கடைசிக் கதவை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். அது எங்கள் வீடு. திறக்கவில்லை.

"எங்க வீட்டையெல்லாம் டவுனுக்குத் தொறந்து காட்டுவ, ஒன் வீட்டுக்கு மட்டும் பூட்டா தம்பி?"

பசை வழிந்து ஒட்டிக்கொண்டது என்று புளுகினேன். ஒருவரும் நம்பவில்லை. அதைத் திறக்காமல் புத்தகம் லயத்தைவிட்டுப் போகாது என்று தீர்ப்பாயிற்று. அண்ணன் சவர பிளேடு கொண்டுவந்தார். அறுத்துத் திறந்தால் உள்ளே வெறும் காகிதம். என்ன வரைவது என்றே தெரியவில்லை என்று மழுப்பினேன். எங்கள் லயத்தில் அதற்கா பஞ்சம்? நடுச்சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'ஆயுசு நூறு' சொல்வார்கள். ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் படம் வரைகிற மேசையில் உட்கார்ந்து தட்டைத் தள்ளிவிட்டுக் குழம்பில் உப்பில்லை என்று கத்துவதையும், கண்ணாடி முன்னால் நின்று கண்காட்சிப் பேச்சைப் பேசிப் பழகுவதையும் வரைந்தேன். எல்லாருக்கும் கொண்டாட்டம், எனக்கு மானம் போயிற்று.

"மேசைய நல்லா பெருசா வரைஞ்சிட்ட," என்றார் அக்கா. "அது வந்த பொறகு ஒங்கம்மா எங்க படுக்குறாங்க? அதையும் வரை."

சிரிப்பு நின்றுவிட்டது. படம் வரைய நான் மேசை வாங்கிப்போட்ட நாளிலிருந்து அம்மா அடுப்படியில்தான் சாக்கு விரித்துப் படுக்கிறார். அதை மறைக்கத்தான் உள்ளே ஒன்றும் வரையாமல் கதவை ஒட்டினேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அடுப்பை வரைந்து, பக்கத்தில் அம்மாவை வரைந்தேன்.

தேத்தண்ணியோடு வந்த அம்மா குனிந்து பார்த்தார். கோபமே இல்லை.

"கால மடக்கி வரைப்பா," என்றார். "அங்க நீட்ட எடமில்ல."