லம்பாயின் நாலாவது ஊறல்

லம்பாய்க்கு உட்காரத் தெரியாது. தாய்லாந்தில் ஓர் இறால் ஆலையில் பதினொரு வருடம் நின்றுகொண்டே இறால் உரித்தவள், எல்லை தாண்டித் தன் ஊரான பான் நாசாய்க்குத் திரும்பிய பிறகும் சோற்றை நின்றபடிதான் உருட்டித் தின்றாள். விருந்துக்குப் போனால் பாதியில் எழுந்து அந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். ஊர் அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் விரல்கள் சும்மா இருந்தால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவள் ஊரோடு இருந்து பிழைக்கத் தேர்ந்தெடுத்த வேலை சாராயம் காய்ச்சுவது. பொறுமையைத் தவிர பெரிதாக வேறெதையும் கேட்காத வேலை. போதாததற்கு அவள் குடிக்கவும் மாட்டாள். ஒரு வாய் உள்ளே போனால் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்து அரை நாள் தூங்கிவிடுவாள்; அரை நாள் தூக்கம் அவளைப் பொறுத்தவரை அரை நாள் சாவு.

காரணம் பன்றிகள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சாராயத்துக்காகச் சாராயம் காய்ச்சுவதில்லை. காய்ச்சியபின் அடியில் மிஞ்சும் மண்டிக்காகக் காய்ச்சுகிறார்கள். மண்டியைத் தின்று பன்றி கொழுக்கும், பன்றியை விற்றுக் குடும்பம் நடக்கும். சாராயம் போணியானால் அடுத்த ஊறலுக்கு அரிசி வரும். போணியாகாவிட்டால் மண்டியும் இல்லை, பன்றியும் இல்லை. லம்பாய் வாங்கிவிட்ட நாலு குட்டிகளும் அப்போது பசியில் கத்திக்கொண்டிருந்தன.

திரும்பிப் போக வழி இருந்தது. ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்காரன் தேங், அடுத்த மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் வருகிறேன், உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தான். ஐஸிலும் உப்பிலும் வெடித்த விரல்நுனிகளில் இப்போதுதான் புதுத்தோல் வந்திருந்தது. அவளுக்குப் போக மனமில்லை. பௌர்ணமிக்குள் யாராவது கேட்டு வாங்குகிற மாதிரி ஒரு பாட்டில் இறக்கவேண்டும். முடியாவிட்டால் வேன். தனக்குத் தானே அப்படித்தான் கெடு வைத்துக்கொண்டாள்.

முதல் ஊறல் அவசரத்தில் போயிற்று. பசையரிசியை அவித்துப் பாயில் கொட்டி, ஆற விடாமல், ஆவி பறக்கப் பறக்க ஈஸ்ட் வில்லைகளை நொறுக்கிப் போட்டுப் பிசைந்தாள். ஈஸ்ட் வெந்து செத்தது. பத்து நாள் கழித்து ஜாடியைத் திறந்தபோது காடி வாடை மூக்கைப் பிளந்தது. பாயில் பரப்பிய சோற்றில் புறங்கையை வைத்தால் சூடே தெரியக்கூடாது என்பது அவளாகக் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

இரண்டாவதில் சோறு ஆறியது, அவள் ஆறவில்லை. ஊறலைக் காய்ச்சுகிற டிரம்மின் வாய்வரை ஊற்றி, அடுப்பில் விறகை அடைத்தாள். ஊறல் பொங்கிக் குழாய் வழியாகக் கஞ்சியாகவே வந்தது. அடியில் சோறு பிடித்துக் கருகியது. மூடிக்கும் டிரம்முக்கும் இடையிலிருந்த சந்தில் கசிந்த ஆவி தீப்பிடித்து நீலமாக ஓடியதில், எட்டிப் பார்த்த கணவன் கம்புய்க்கு ஒரு புருவம் போயிற்று.

புருவம் போனவன் அதையும் குடித்துப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"போன தடவையும் அதான சொன்ன?"

"போன தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு."

"யோவ், அது காடிய்யா. நான் அதை ஊறுகாய்க்கு ஊத்திட்டேன்."

"ஊறுகாயும் நல்லா இருந்துச்சு."

கம்புய்க்கு நாக்கு இருக்கிற இடத்தில் நன்றி மட்டுமே இருந்தது. ஊர்க்காரர்களுக்கு நாக்கு உண்டு, ஆனால் மரியாதை அதைவிடப் பெரிது. கொடுத்த கிளாஸை வாங்கி, கண்ணை மூடி, "அருமை" என்பார்கள். இன்னொன்று ஊற்றட்டுமா என்றால் வயிறு சரியில்லை என்பார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள்; ஒருவரும் வாங்கவில்லை. ஆலையிலாவது தப்பாக உரித்தால் மேஸ்திரி முகத்துக்கு நேரே கத்துவான், தெரிந்துவிடும். இந்த அன்பான ஊரில் தன் தப்பு என்னவென்று கண்டுபிடிக்க அவளுக்கு வழியே இல்லாமல் போயிற்று.

மூன்றாவது ஊறலைத் தன் புதுவீட்டில் மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்தும் விருந்துக்கென்று காய்ச்சினாள். இந்த முறை டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குதான் ஊறல். அடி பிடிக்காமல், கொதி வரும்வரை கிண்டிவிட்டுத்தான் மூடினாள். மூடி இடுக்கை ஈரத் தவிட்டு மாவால் அடைத்தாள். இவ்வளவும் சரியாகச் செய்ததில் தைரியம் வந்து, பழைய மூங்கில் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுச் சந்தையில் வாங்கிய பளபளக்கும் பிளாஸ்டிக் குழாயை மாட்டினாள். ஆலைச் சுத்தம். பார்க்க மிக அழகாக இருந்தது.

விருந்தன்று நூல் கட்டி முடிந்ததும் கிளாஸ் சுற்றுக்கு வந்தது. எங்கள் வழக்கம் எல்லோருக்கும் ஒரே கிளாஸ்: முதல் கிளாஸ் பூமிக்கு, இரண்டாவது வீட்டுக்காரருக்கு, அதன்பின் வட்டமாக ஒவ்வொருவருக்கும். குடிக்காத லம்பாய்க்குப் பதில் கம்புய் வீட்டுக்காரர் கிளாஸைக் குடித்து, கேட்காமலே "நல்லா இருக்கு" என்றான்.

கோழிச்சாறு எடுக்க லம்பாய், தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கு அடியில் இருந்த அடுப்படிக்கு இறங்கினாள். அங்கே வாத்துகள் ஒரு மாதிரியாக இருந்தன. ஒன்று பக்கவாட்டில் நடந்தது. ஒன்று தூணோடு தலையை முட்டிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தது. பெரிய ஆண் வாத்து கால்களை நீட்டி மல்லாந்து கிடக்க, அதன் அலகுக்கு நேராக மேலே பலகை இடுக்கிலிருந்து மெல்லிய தாரை ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். இடுக்கில் தெரிந்தது அடுத்த வீட்டு ஒன்சியின் கால்விரல்கள். ஊரிலேயே பெயர்போன சாராயம் ஒன்சி காய்ச்சுவதுதான். தாரை நின்றது, நாலடி தள்ளி அடுத்த ஆளிடமிருந்து ஆரம்பித்தது. கிளாஸ் கிடைத்தவர் பூமிக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வது வழக்கத்தில் உண்டுதான். அன்று எல்லோருக்கும் பக்தி பெருகிவிட்டிருந்தது.

லம்பாய் சாறு இல்லாமலே மேலே வந்தாள். ஊர்த்தலைவர் தோங்தியின் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினாள்.

"வீட்டுக்காரங்க கிளாஸ் எனக்கு வரல. இந்த வீட்டுக்காரி நான்."

"உனக்கு ஆகாதேம்மா," என்றார் தோங்தி.

அதற்குள் குடித்துவிட்டாள். முதலில் நாக்கில் பிளாஸ்டிக் குழாய் வந்தது. அதன் பின்னாலேயே ஆலைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பூசிக்கொள்ளும் நகப்பூச்சின் நெடி. கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி. முகம் சிவந்தது, சாராயத்தாலா கோபத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சீ! இதையா மூணு சுத்தா நல்லா இருக்கு நல்லா இருக்குன்னீங்க? என் வாத்தால நிக்க முடியல!"

விருந்தாளி குறை சொல்லக்கூடாது என்று எங்களுக்கு வழக்கம் உண்டு. வீட்டுக்காரியே குறை சொன்னால் விருந்தாளி என்ன செய்யவேண்டும் என்பதற்கு வழக்கம் எதுவும் இல்லை. தோங்திதான் தொண்டையைச் செருமினார்.

"நீயே சொன்னதுக்கப்புறம் சொல்றேன்... கொஞ்சம் குழாய் வாடை."

"கொஞ்சமா? ரப்பர் செருப்பை ஊறவச்ச மாதிரி இருக்கு!" என்றாள் ஒன்சி. "சூடான சாராயம் பிளாஸ்டிக்குல போனா வேற எப்படிடி இருக்கும்? அந்த மூங்கில் என்ன பாவம் பண்ணுச்சு? சரி, முதல்ல வர்ற அரை கிளாஸை என்ன பண்ணுன?"

"அதுதானக்கா நல்லா சுள்ளுனு இருக்கும். தலைவருக்குன்னு தனி பாட்டில்ல புடிச்சு அனுப்பினேன். போன தடவையும், இந்தத் தடவையும்."

தோங்தி மெல்ல நிமிர்ந்தார். "நானும் கண்ணு போச்சு, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு நெனச்சிட்டிருந்தேன். ரெண்டு நாளு மண்டை பிளந்துச்சும்மா!"

"அதைக் குடிக்கக்கூடாதுடி," என்றாள் ஒன்சி. "கீழ ஊத்தணும். மூக்குல குத்துறது நிக்கிற வரைக்கும் பூமிக்குத்தான்."

பூமிக்கு முதலில் ஊற்றுவதை மரியாதை என்கிறோம். மனிதருக்கு ஆகாததைத்தான் இவ்வளவு மரியாதையாக அனுப்பிவைக்கிறோம் என்று அன்றுவரை லம்பாய்க்கு யாரும் சொல்லவில்லை.

அதன்பிறகு யாரையும் அடக்கமுடியவில்லை. இத்தனை நாள் மரியாதை ஒரே மூச்சில் உடைப்பெடுத்தது. தீயைக் குறை என்றார் ஒருவர். தீயைக் குறைத்தால் போதாது, டிரம் மூடிமேல் இருக்கும் மேல்சட்டித் தண்ணீரைச் சூடேற ஏற மாற்றவேண்டும், குளிராத ஆவி சாராயமாகாது என்றார் இன்னொருவர். உமி கலந்து வை, கலக்காதே, பேராசைப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை பிடிக்காதே, அட்டைப்பெட்டி வாடை அடித்தால் நிறுத்து. பதினைந்து பேர் இருபது யோசனை சொல்லி, அவற்றில் பாதிக்காக ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள். யோசனைகளின் நடுவில் லம்பாய் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஊருக்குத் திரும்பியபிறகு முதன்முறையாகப் பகலில் தூங்கினாள்.

பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஓர் ஊறலுக்குத்தான் நேரம். மறுநாளே அரிசியை நனைத்தாள். குளிர் அதிகம் என்பதால் ஊறல் மந்தமாக வந்தது. ஜாடியைத் திறந்து திறந்து பார்க்கிற கையைத் தடுக்க, மூடிமேல் கம்புயை உட்காரவைத்தாள். காய்ச்சுகிற பதத்துக்கு வந்தது வேன் வருகிற நாள் காலையில்தான்.

மூன்று விறகு, அதற்குமேல் இல்லை. கொதி வந்தது, கிண்டி, மூடி, மாவு பூசி, மூங்கிலை மாட்டி, அடுப்புக்கு எட்டத்தில் கண்ணாடி ஜாடியை வைத்தாள். சொட்டு வந்தது. கையில் ஏந்தி முகர்ந்து, குத்தியதைக் கீழே ஊற்றினாள். நாக்குநுனியில் தொட்டுத் துப்பினாள், மறுபடி ஊற்றினாள். பிறகு சொட்டு மெதுவாக விழுந்தது. சகிக்கமுடியாத அளவு மெதுவாக. கை தானாக நாலாவது விறகை எடுத்தது.

விறகைக் கீழே போட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். வந்து மேல்சட்டியின் வெதுவெதுப்பான தண்ணீரை இறைத்துவிட்டுக் குளிர்ந்ததை நிரப்பினாள். மறுபடி விறகுமேல் கை போனது. மறுபடி ஓடைக்கு ஓடினாள். அவசரத்தை அவளால் விடமுடியவில்லை. அதை அடுப்பிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் போட்டாள். பான் நாசாயில் எந்தப் பெண்ணும் மேல்சட்டியை இவ்வளவு குளிராக வைத்திருந்ததில்லை.

ரோட்டில் ஹாரன் அடித்தது. சிறிது நேரத்தில் தேங்கே நடந்து வந்தான்.

"அக்கா, வண்டி நிக்குது. உன் இடத்துக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கறாங்க. வர்றியா இல்லையா?"

"இரு."

"எதுக்கு?"

லம்பாய் அரை கிளாஸ் பிடித்து, வேலிக்கு அந்தப் பக்கம் தவிடு புடைத்துக்கொண்டிருந்த ஒன்சியிடம் நீட்டினாள். ஒன்சி முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கீழே ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது.

"முதல்ல கொஞ்சம் சீக்கிரமாவே புடிச்சிட்ட," என்றாள் ஒன்சி. "இன்னும் ரெண்டு வாய் கீழ போயிருக்கணும். அரிசியும் கொஞ்சம் கூடுதலா வெந்து குழைஞ்சிருச்சு."

லம்பாயின் முகம் தொங்கிப்போனது. "அப்ப நல்லா இல்லையா?"

"நல்லா இல்லாட்டி நல்லா இருக்குன்னு சொல்லிட்டு என் வேலையப் பாத்திருப்பேனே." ஒன்சி கிளாஸைக் காலி செய்து திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டு பாட்டில் எடுத்து வை. நாளைக்கு எங்க வீட்டுக்குச் சம்பந்தி வீட்டு ஆளுங்க வர்றாங்க. என்னோடது இன்னும் ஊறல."

தேங் வாயைத் திறந்தான். அதற்குள் லம்பாய் மேல்சட்டியில் விரலை விட்டுப் பார்த்திருந்தாள்.

"தண்ணி சூடாயிருச்சு," என்று அவனிடம் சொன்னாள். அடித்துக்கொள்கிற இரண்டு பேரில் ஒருத்தியை ஏற்றிக்கொள்ளும்படி, வாளியோடு ஓடிப்போய் ஓடையிலிருந்து கத்தினாள்.