செல்வராசின் பம்பர்

என் தங்கை கணவனின் முன்னேற்றத்தைக் கெடுத்தவன் நான்தான். கோள் மூட்டவில்லை, கை ஓங்கவில்லை. ஒரு யோசனை சொன்னேன்... அவ்வளவுதான்!

எண்பதுகளின் தொடக்கம். சங்ககிரியில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நான் பெயின்டர். தங்கை கணவன் செல்வராசு வெல்டர். அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். வந்த மூன்றாம் வருடமே டிரைவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவனிடம் நின்றார்கள். செல்வராசு வைத்த பம்பர் என்று பெருமையாகக் காட்டிக்கொண்டார்கள். நான் அடித்த வர்ணத்துக்கு ஒருவனாவது என் பெயரைச் சொன்னதுண்டா? வயிறு எரிந்தது. இதற்கு வேறு நாகரிகமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அப்போது முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் கார், துண்டு துண்டாக. நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டியது. முதலாளிக்குக் குசும்பு அதிகம். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்து, அந்தச் சீமைக் காருக்கு நம்மூர் லாரி பம்பர் மாட்டிக் காட்டச் சொன்னார். நாமக்கல்லில் அவர் திறக்கவிருந்த புதுப் பட்டறைக்கு, ஜெயித்தவன் மேஸ்திரி!

என் தங்கை அன்றைக்கே நாமக்கல்லில் வீடு பார்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். கூடப் பிறந்தவன் நானும் போட்டியில் இருக்கிறேன் என்பது அவள் நினைவிலேயே இல்லை...

நான் அட்டையை வெட்டி ஒட்டினேன். அது அட்டையாகவே இருந்தது. செல்வராசோ, பெட்டியில் மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சிகளை விளக்குச் சூட்டில் வளைத்து, அரத்தால் ராவி, குண்டூசித் தலைகளைப் போல்ட்டுகளாகப் பதித்திருந்தான். கயிறு கட்டி இழுக்கும் கொக்கிகூட இருந்தது! பார்த்ததும் எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அதுதான் பொறுக்கவில்லை.

எங்கள் பட்டறையில் வர்ணம் அடிக்குமுன் எந்தப் பம்பரையும் வர்ணம் கரைக்கும் தின்னரில் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்போம். இரும்புக்கு அது சரி. பிளாஸ்டிக்குக்கு? போட்டிக்கு முந்தின நாள் என் காரின் கதவை அப்படித் துடைத்தபோது, அது வெல்லப்பாகாக இளகியது. யாரிடமும் சொல்லாமல் ராவி, மேலே வர்ணம் பூசி மறைத்திருந்தேன். ஆக, எனக்குத் தெரியும்... நன்றாகத் தெரியும்!

முதலாளி பார்க்க வரும் அன்று காலை, செல்வராசு காரை ஏந்திக்கொண்டு வந்தான்.

"மச்சான், கைப்பிசுக்கு நெறையா ஒட்டியிருக்குது. எதுல தொடைக்கிறதுங்க?"

"தின்னர்ல நல்லா அழுத்தித் தொடைங்க மாப்ள."

நல்லா அழுத்தி! இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? நாக்கு தவறிவிட்டது என்று பிற்பாடு எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்தேன். தவறவில்லை.

அவன் துடைத்தான். பம்பர் வளைந்தது, கொக்கி கரைந்து விரலோடு வந்தது. காரின் முன்விளக்குகள் இருந்த இடம் பள்ளமானது. அவன் துடைத்த பஞ்சைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். ஐயோ, அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்!

முதலாளி வந்தார், முகம் சுளித்தார். இனி அவன் வாய் திறந்தால் என் மானம் போய்விடும் என்று பயந்தேன். அவன் திறந்தான்.

"எம்பட அவசரந்தானுங்க. மச்சான் சொன்ன பக்குவத்துல நாந் தொடைக்கலீங்க. மேஸ்திரி வேலைக்கு அவுருதானுங்க சரி."

முதலாளி கொடுத்த மேஸ்திரி வேலையை வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு நாமக்கல் போனேன். எங்கள் சாமான்களைக் கட்டி வண்டியில் ஏற்றியது என் தங்கை.

இத்தனை வருடம் ஆயிற்று... அவன் சங்ககிரியிலேயே வெல்டராக இருந்து ஓய்ந்துவிட்டான். உறவுக்காரர் கல்யாணங்களில் பந்தி முடிந்து உட்கார்ந்தால், பம்பரைக் கரைத்த கதையை அவனே எடுத்துவிடுவான். தன் அவசரப் புத்தியைத் தானே கேலி செய்வான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். என் தங்கை மட்டும் எழுந்து போய்விடுவாள்.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் கவனியுங்கள். எல்லோருக்கும் முந்திச் சிரிப்பவன் நான்தான்.