மடிய வுட்டுடாதீங்க சார்

சடையன் இறந்துவிட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அப்பா போய்ட்டாரு சார்... உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலையில் அறிவியல் ஆசிரியர். அங்கே வனத்துறை பங்களாவுக்குப் பின்னால் ஒரு மண் டென்னிஸ் கோர்ட் இருந்தது. அதற்கு ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டியவர் சடையன். தினக்கூலி. ஏறக்குறைய என் வயதுதான். மற்ற நேரத்தில் மலைச்சரிவில் இருந்த தன் நிலத்தில் சாமை விதைப்பார்.

ரேஞ்சர், டாக்டர், பேங்க் மேனேஜர், நான். நாலு பேர் ஆட்டம்.

இடப்பக்கம் பந்து வந்தால் எனக்குக் கை ஓடாது. மர ராக்கெட், நல்ல கனம். இரண்டு கையாலும் பிடித்து இழுப்பேன், பந்து புளியமரத்துக்குப் போகும். டாக்டர் இதைக் கவனித்துவிட்டு அங்கேயேதான் அடிப்பார். "சாருக்கு இடப்பக்கம் கவர்மென்ட் லீவு" என்பார்.

ஒரு நாள் எல்லோரும் போன பிறகு சடையன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கோச்சிக்காதீங்க சார். ரெண்டு கையும் போட்டா மடிய யாரு புடிக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் நிலத்துக்கு வரச் சொன்னார்.

வேட்டி மடியில் சாமை விதை. இடது கை மடியைப் பிடித்திருக்கிறது. வலது கை இடது இடுப்புக்குப் போகிறது, ஒரு பிடி அள்ளுகிறது, அப்படியே வெளியே விசிறுகிறது... வலது கை எவ்வளவு வேகமாகப் போனாலும் இடது கை மடியை விட்டு அசையவில்லை. அதனால் நெஞ்சும் திரும்பவில்லை.

இடப்பக்கம் வரும் பந்தை வலது கையால் மட்டும் அடிக்கிற ஒரு கை பேக்ஹேண்ட் என்பது இதுதான். டென்னிஸ் தெரியாதவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கதவு நன்றாகத் திறக்க வேண்டுமானால் நிலை ஆடக் கூடாது. அவ்வளவுதான்.

நானும் விதைத்துப் பார்த்தேன். ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தது. அவர் மனைவி சிரித்துவிட்டார். "வாத்தியார் வெதைச்சது இஸ்கூல் பசங்க மாதிரி கும்பலா மொளைக்கப் போவுது."

அப்படியேதான் முளைத்தது. எனக்குக் காட்டுவதற்காகவே அந்த அம்மா அதைக் கலைக்காமல் விட்டு வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில், பள்ளிக்குப் போவதற்கு முன், கோர்ட்டுக்குப் போனேன். என் இடுப்பில் ஈரத்துண்டு கட்டச் சொல்வார் சடையன், இடது கையால் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். முடி உதிர்ந்த பழைய பந்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார். "கை தானா போவும் சார். மடிய மட்டும் வுட்டுடாதீங்க."

அவர் எங்கே கற்றார் என்று கேட்டேன். எங்களுக்குப் பந்து பொறுக்கிக்கொண்டே பார்த்தாராம். நாங்கள் போன பிறகு, நரம்பு அறுந்த ராக்கெட்டோடு பங்களாச் சுவரில் அடித்துப் பழகினாராம்.

ஒரே ஒரு முறை எனக்கு அடித்துக் காட்டினார். பந்து வலைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் போய், கோட்டுச் சுண்ணாம்பைக் கிளப்பிவிட்டு ஓடியது. எங்கள் நாலு பேரில் யாருக்கும் அப்படி ஓர் அடி கிடையாது.

அவரை ஆடக் கூப்பிடவும் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சாமை அறுவடைக்கு வந்தபோது என் பந்து வலையைத் தாண்ட ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில் கீழே டவுனிலிருந்து ஓர் அதிகாரி எங்களோடு ஆட வருவதாகச் செய்தி வந்தது. அவருடைய கிளப்பில் மார்க்கர் வேலை காலி. உறுப்பினர்களோடு ஆடி, அவர்களைப் பழக்குகிற வேலை. மாதச் சம்பளம்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் சடையன் என்னிடம் வந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்... இவன் நல்லா ஆடுவான்னு."

சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் ஆட்டத்தின் கடைசிப் பந்து என் இடப்பக்கம் வந்தது. ஒரு கையால் அடித்தேன். அதிகாரியைத் தாண்டி ஓரக் கோட்டில் விழுந்தது. அவரே கைதட்டினார். வலையருகே வந்து, "பிரமாதம். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

ஐந்தடி தள்ளி, தண்ணீர் ஜாடியோடு சடையன் நின்றிருந்தார்.

"புத்தகம் பார்த்துதான் சார்" என்றேன்.

ரோலர் இழுக்கிறவரிடம் கற்றேன் என்று மற்றவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அந்த வேலையைப் பற்றியும் அதற்கு மேல் எப்படிப் பேசுவது... பேசவில்லை.

ஜீப் மலையிறங்கிப் போனது. சடையன் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"கடைசிப் பந்துல மடிய வுடல சார் நீங்க. நல்லா இருந்துச்சி."

அடுத்த நாள் காலையும் வந்தார். பந்து போட்டார். மறு வருடம் எனக்கு டிரான்ஸ்பர் வந்தது.

பல வருடம் கழித்து படவேடு பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. டீ குடித்தோம். "எடக் கை இன்னும் மடிலயே கீதுங்களா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். என் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரமும் மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும்தான் பேசினேன்.

அந்த அதிகாரி இப்போது எங்கே இருக்கிறாரோ... இருக்கிறாரோ இல்லையோ. அவர் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

சடையனிடம் கற்றுக்கொண்டேன், சார். அவர் நல்லா ஆடுவார்.

போய்ட்டு வாங்க, சடையன்.