எல்லோரும் பார்க்கக் கேட்ட கேள்வி

பல்கலைக்கழக விடுமுறைக்குக் இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தவில் எங்கள் குடும்பம் வாழும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தபோது, வழிகாட்டியின் துணையோடு யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் எழுதும் மாணவர் திட்டமொன்றுக்கு விண்ணப்பிக்க நினைத்தேன். தோட்டத்தில் எதையும் எல்லோர் முன்னும் கேட்க மாட்டோம். வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் காதில்தான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் என் யோசனையை வழிகாட்டிக்கு மட்டும் தனி மடலில் அனுப்பினேன். பதிலே இல்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று பதுளை இன்டர்நெட் கடையில் தோழி சுகந்தி நிபந்தனைகளை வாசித்தாள்.

"மொதல்ல எல்லாரும் வாசிக்கிற மடல் குழுமத்துல பேசணும்னு போட்டிருக்கே! ஏன்டி ஒளிஞ்சு அனுப்புன?"

"தப்பா இருந்தா சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும். அனுப்பு!"

அனுப்பினேன். பஸ்ஸுக்கு எழும்புமுன்னே முன்பின் தெரியாத இருவர் பிழைகளைக் காட்டினார்கள். திருத்தி விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது.

இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி என்னுடையதுதான். சிரிப்பவர்கள் சிரித்து முடிப்பதற்குள் எனக்குப் பதில் வந்துவிடுகிறது.