அபுட்டோ வாய் திறக்கவில்லை

அகேயோ கேழ்வரகுக் கூழ் விற்கிறவள். எங்கள் ஹோமா பே ஏரிக்கரையில், மீன் படகுகள் கரையேறும் இடத்தில், என் பொரித்த மீன் கடைக்கு அடுத்த கடை அவளுடையது. அவள் கூழைக் குடிக்காமல் வலையில் கை வைக்கிற ஆண்பிள்ளை இந்தக் கரையில் இல்லை. உழைப்பாளி. வாய்தான் கொஞ்சம் காரம். நாத்தனார் அபுட்டோ எதிரே வந்துவிட்டால் அந்தக் காரம் இரண்டு பங்காகிவிடும்.

இரண்டு பேரும் எலியும் பூனையும்தான். உன் கூழில் கட்டி தட்டியிருக்கிறது என்பாள் அபுட்டோ. வாழாவெட்டிக்கு வாய் எதற்கு என்பாள் இவள். அந்தச் சண்டை தீராமலே அபுட்டோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷம் அகேயோவுக்கு ஒரு பெண் பிறந்தது. பிறந்தது முதல் ஓயாத அழுகை. பிள்ளை அப்படி அழுதால் செத்தவர்களில் யாரோ தன் பெயரைக் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அபுட்டோ என்றதும் அழுகை நின்றது. யார் பெயரை வைக்கிறோமோ அவருடைய உறவுமுறைதான் பிள்ளைக்கும். ஆக, தன் வயிற்றில் பிறந்ததையே நாத்தனாரே என்று கூப்பிட வேண்டியதாயிற்று அகேயோவுக்கு. கடைத்தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

பாலோடு கூழும் ஊட்ட வேண்டிய வயசு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கரண்டியைக் கண்டாலே குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. சர்க்கரை போட்டுப் பார்த்தாள், பால் ஊற்றிப் பார்த்தாள், வேறு கரண்டி வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையின் தொடைச் சதை வற்றத் தொடங்கியது. ஊருக்கெல்லாம் கூழ் ஊற்றுகிறவள் பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறாளே என்ற பேச்சு அவள் காதுக்கும் வந்தது. குழந்தையை முதுகில் கட்டி, கால் தெரியாதபடி தோள்துணியை இழுத்து இழுத்து மூடுவாள். எனக்குப் பார்க்கவே பொறுக்காது.

ஒருநாள் காலை, அவள் கடையில் நல்ல கூட்டம். படகுக்காரன் ஓசேவே குவளையை வாங்கிக்கொண்டே சொன்னான்: "செத்தும் உன் நாத்தனா உன் கையால குடிக்க மாட்டேங்குறா பாரு. பெத்த பிள்ளைக்கே இறங்காத கூழு எங்களுக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அகேயோ முதுகிலிருந்து குழந்தையை அவிழ்த்து மடியில் மல்லாத்தினாள். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்காக வாய் திறந்ததும் உள்ளங்கையைக் குழித்து உதட்டோரம் வைத்துக் கூழைச் சாய்த்தாள். இந்தப் பக்கம் பழைய ஆட்கள் இப்படி ஊட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கையில் இவ்வளவு கோபம் இருந்து பார்த்ததில்லை.

"குடிடி அபுட்டோ," என்றாள். "உசுரோட இருந்தப்பவும் இதே வீம்பு. இன்னைக்கு நீயா நானான்னு பாத்துடலாம்."

அவள் குழந்தையிடம் பேசவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. குழந்தைக்குப் புரை ஏறியது. மூக்கு வழியாகக் கூழ் வந்தது. முகம் கறுத்துக் கண் செருகியது. நான்தான் பாய்ந்து பிடுங்கி, முன்கையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். அழுகைச் சத்தம் வந்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. ஓசேவே குவளையை அப்படியே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அன்றிலிருந்து அகேயோ யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூழை ஊற்றுவாள், தரையைப் பார்த்தபடியே நீட்டுவாள். அவமானம் ஒரு மனுஷியை இப்படிக் கூனிக்குறுக வைக்குமா என்றிருந்தது. ஒரு தடவை மட்டும் என்னைக் கேட்டாள்: "நான் யாரு மூக்கைப் பிடிச்சேன்க்கா?" நான் சட்டியில் கிடந்த மீனைத் திருப்பிப் போட்டேன்.

பால் கொடுப்பதோடு சரி. ஊட்டப் பயந்து குழந்தையை என் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார வைத்துவிடுவாள். ஒரு மத்தியானம் நான் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன். குழந்தை கையை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தது. பிடித்த பிடியில் பாதி விரலிடுக்கில் பிதுங்கியது, கொஞ்சம் கன்னத்தில் அப்பியது, மிச்சம் வாய்க்குள் போனது. ஒருதரம் ஓங்கரித்துத் துப்பியது. துப்பியதையே எடுத்து மறுபடியும் தின்றது. விரல் நீளத்துக்கு மெத்தென்று இன்னொரு துண்டு வைத்தேன். அதுவும் போனது. மறுநாள் கனிந்த வாழைப்பழம், அப்புறம் வெண்ணெய்ப்பழக் கீற்று. அதற்குப் பசி இல்லாமல் இல்லை. அடுத்தவர் கைதான் ஆகவில்லை.

சில வாரத்தில் கன்னம் பூசினாற்போல் ஆனது. அகேயோவும் தெளிந்தாள். "அபுட்டோ அப்படித்தான்க்கா. யாரு கையையும் எதிர்பாக்க மாட்டா, ரோஷக்காரி," என்று அவளே சொல்லத் தொடங்கினாள். செத்தவள் மேல் பழியைப் போட்டதில் நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். நானும் ஆமாம் போட்டேன்.

ஒரு சாயங்காலம் கடையை ஏறக்கட்டும் நேரம். அகேயோ தானே அவித்த கிழங்கைக் கொண்டுவந்து குழந்தையின் முன்னால் வைத்து எதிரே உட்கார்ந்தாள். குழந்தை குனிந்து குனிந்து எடுத்துத் தின்றது. மேலுதட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. துடைக்கலாம் என்று அகேயோ இரண்டு விரலை நீட்டினாள்.

குழந்தை கையிலிருந்த கிழங்கைப் போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டது. அழவில்லை. அவளையே பார்த்தது.

அகேயோ நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முகம் எப்படியோ ஆகிவிட்டது.

"இது அபுட்டோ இல்லக்கா," என்றாள். "அபுட்டோ என்னைக்கும் எனக்குப் பயந்ததில்ல."

குழந்தை மூக்கிலிருந்து கையை எடுக்கும்வரை அவள் அசையவில்லை.