சித்தியைப் பெண் பார்த்த சீன ஓட்டல்

பெண் பார்க்க வருகிறவர்களைச் சீன ஓட்டலுக்கு வரச் சொன்ன குடும்பம், திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் வரைக்கும் தேடினாலும் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். உறவில் யாராவது இதைச் சொல்லிச் சிரித்தால் மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள். நான் மாற்றமாட்டேன். ஆமாம், வரச் சொன்னோம், இப்போது அதற்கென்ன என்று கேட்பேன். கேட்டுவிட்டு நடந்ததை முழுக்கச் சொல்வேன், சிரித்தவர்கள் எழுந்து போனாலும் சரி.

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு சடையங்குப்பத்தில், பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பகுதியில் இருந்தது. தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலேறியபோது அங்கே கட்டிக்கொண்ட மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தவர். அந்த மனைவியின் தகப்பனார் சீனர். இவர்களில் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் தங்கள் முகத்தை அம்மாவுக்கும் சித்திக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அம்மா தாத்தாவைக் கொண்டு பிறந்தவள். பெரிய கண், எடுப்பான மூக்கு. சித்தி பாட்டியின் சீனப் பக்கத்தைக் கொண்டு பிறந்தவள். கோடு போட்டதுபோல் கண், சப்பை மூக்கு, சிரித்தால் கண் இருக்கிற இடமே தெரியாது. எனக்கும் சித்தியின் கண்தான் வாய்த்தது. இன்றைக்கு அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு இருந்தது.

சித்தி ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்த்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எடைச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். டிரைவர்கள் அவளை சைனா மேடம் என்பார்கள். சித்தி அசரமாட்டாள். "சைனா மேடம் சீட்டு குடுத்தாத்தான் உன் வண்டி கேட்டத் தாண்டும். ஓரமா நில்லு நைனா" என்பாள். இதை வீட்டில் நடித்துக் காட்டும்போது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

சித்திக்கு வந்த வரன்களெல்லாம் போட்டோவோடு நின்றுபோயின. அதனால் அம்மா ஒரு வேலை செய்தாள். ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி, கம்ப்யூட்டரில் சித்தியின் கண்ணைப் பெரிதாக்கி, மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிடச் செய்தாள். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த சித்தி, "யாருக்கா இது? லட்சணமாத்தான் கீறா. இவளயே கட்டிக் குடுத்துடு, நான் வூட்லயே இருந்துக்கறேன்" என்றாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. படம் தரகர் கைக்குப் போயிற்று.

அந்தப் படத்துக்கு ராயபுரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சூப்பர்வைசர். அவர் என்ன செய்தார் தெரியுமா, தெரிந்த டிரைவர் ஒருவரின் டிரெய்லரில் ஏறிக்கொண்டு நேராக சித்தியின் யார்டுக்கே வந்துவிட்டார். எடைச் சீட்டைத் தானே இறங்கி வந்து வாங்கி, இன்னார் என்று சொல்லி, "போட்டோவ வுட நேர்ல நல்லா கீறீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதை வீட்டில் எங்களிடம் சொன்ன சாயங்காலம் முழுக்க சித்தி சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்திக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. நானும் அன்றைக்கே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். மாப்பிள்ளையின் அம்மா சடையங்குப்பத்துக்கு வரமாட்டாராம். மழைத் தண்ணீர் இன்னும் தெருவில் நிற்கிறதே, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டா பெண் பார்ப்பது என்று கேட்டாராம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடலாம், இடத்தை நீங்களே சொல்லுங்கள் என்றாராம். அதோடு தரகர் விட்டிருக்கலாம். குரலைத் தாழ்த்தி, "இன்னொரு விசயம் கேட்டாங்க. பொண்ணு பாக்க சைனாக்காரி மாரி இருக்கும்னு யாரோ ஓதிட்டாங்களாம். அப்டிலாம் ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"ச்சீச்சீ, அதெல்லாம் இல்லீங்க" என்றாள் அம்மா.

சித்தி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வெளியே வந்தாள். "எடம் நாமதான சொல்லணும்? நான் சொல்றேன். சைனீஸ் ஓட்டலு" என்றாள்.

அன்று எங்கள் வீட்டில் நடந்த ரகளை கொஞ்சநஞ்சமல்ல. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சமாதானத்துக்கு வந்தார். வண்ணாரப்பேட்டையில் நல்ல பிரியாணிக் கடை இருக்கிறது, ஏசி உண்டு என்றார். சித்தி வேண்டாம் என்றாள். சைவ ஓட்டல் என்றால் மரியாதையாக இருக்குமே என்றார். "மீன் இல்லாம ராயபுரத்துக்காரங்க சோத்துல கை வெப்பாங்களா?" என்றாள். சரி, சீன ஓட்டல்தான் வேண்டுமென்றால் புரசைவாக்கத்தில் ஒன்று உண்டு, அங்கே கோபி மஞ்சூரியனெல்லாம் தித்திப்பாக நம் ஆட்களுக்குப் பிடிக்கிற மாதிரி போடுவார்கள், பன்னீர்கூடக் கிடைக்கும் என்று அப்பா கடைசியாக இறங்கி வந்தார். சித்தி அதற்கும் மசியவில்லை.

"அது பேருக்குத்தான் சைனீஸ். சீனாவுலயும் ஊருக்கு ஊரு சமையல் வேற வேற மாமா. மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிர்ல மாடில ஒண்ணு கீது. சிச்சுவான்னு ஒரு பக்கத்து சமையலு. கப்பல்ல வர்ற சீனாக்காரங்களே அங்கதான் போய் சாப்புடறாங்கன்னு எங்க யார்டுல சொல்றாங்க. மொளகா அள்ளிப் போடுவாங்களாம். அங்கதான்."

"உன்ன அங்க வெச்சுப் பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்று அம்மா அழாத குறையாகக் கேட்டாள்.

"இன்னா நெனப்பாங்களோ நெனைக்கட்டும். எப்டி கீறேனோ அப்டியே பாத்துட்டுப் போவட்டும். போட்டோல கீறவளப் பாக்கணும்னா ஸ்டூடியோவுக்குப் போவட்டும்" என்றாள் சித்தி. 

நானோ நூடுல்ஸ் தின்னப் போகிறோம் என்ற ஒரே நினைப்பில் இருந்தேன்.

அந்த நாள் வந்தது. அம்மா எடுத்து வைத்த பட்டுப்புடவையை சித்தி தொடக்கூட இல்லை. காலர் வைத்துத் தைத்த சிவப்பு சுடிதாரைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஓட்டலில் நுழைந்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பரிமாறுகிற பெண்களும் காலர் வைத்த சிவப்புச் சட்டைதான் போட்டிருந்தார்கள். எல்லோரும் எங்கோ வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் சித்தியின் கண், என் கண். எனக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை பேர் எங்களைப் போல் ஒரே இடத்தில் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை. சித்தி தன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "பொருத்தமாத்தான் கீது" என்று சிரித்தாள்.

மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க அம்மாவும் அப்பாவும் தரகரோடு கீழே வாசலுக்குப் போனார்கள். சித்தி என்னைக் கை கழுவக் கூட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை வீட்டாரோ வண்டியைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு லிப்டில் ஏறி வந்துவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது, தரகர் சொல்லிவைத்த மேசையில் பட்டுப்புடவையில் ஓர் அம்மாவும், அவர் பக்கத்தில் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அம்மா சித்தியைப் பார்த்ததும் விரலைச் சொடுக்கினார். "ஏய், பானி! பானி லாவ்!" என்று கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். பிறகு மகனிடம் திரும்பி, "இதுங்களுக்குத் தமிழு வராதுடா. அசாம் பக்கத்துலேர்ந்து இட்டுகினு வராங்க" என்றார்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். சித்தியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு மெனு அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்க சித்தி என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் கையை அழுத்தினாள். கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போய் ஜக்கை எடுத்து வந்து, அந்த அம்மாவின் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஓ, விளையாட்டு! நானும் டிஷ்யூப் பேப்பரை எடுத்து மேசையில் வைத்தேன். சித்தி சுற்றிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் தம்ளரிலும் ஊற்றினாள். தம்ளர் நிரம்பியும் அவள் நகரவில்லை. அட்டைக்குப் பின்னாலிருந்து, "தேங்க்ஸ்" என்று மெல்லிய குரல் வந்தது.

அதற்குள் அம்மாவும் அப்பாவும் பின்னால் வர, தரகர் மூச்சு வாங்க மேலே வந்து, "அடடா, வந்துட்டீங்களா! தோ, இதான் பொண்ணு" என்று சித்தியைக் காட்டினார். சித்தி கையில் இன்னும் ஜக் இருந்தது.

"யம்மா! நீயா? நான் இங்க வேல செய்ற பொண்ணுன்னு நெனச்சிட்டேன்மா" என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தார், எல்லோரையும்விடத் தரகர் பலமாகச் சிரித்தார். மாப்பிள்ளை அட்டையைக் கீழே வைத்தார். "அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க" என்றார்.

"இப்ப நல்லாத் தெரியுதா பாருங்கம்மா" என்று சொல்லி, விளக்குக்கு நேர் கீழே அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள் சித்தி.

சாப்பாட்டையும் அவளே சொன்னாள். கப்பல்காரர்கள் என்ன சாப்பிடுவார்களோ அதையே கொண்டுவரச் சொன்னாள். பரிமாறும் பெண் நல்ல தமிழில், "காரம் ஜாஸ்தி அக்கா, பரவால்லயா?" என்று கேட்டாள். பட்டுப்புடவை அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வந்த கோழி, வரமிளகாய்க் குவியலுக்குள் ஒளிந்துகிடந்தது. மீன் சிவப்பு எண்ணெயில் மிதந்தது. மிளகு மாதிரி ஏதோ ஒன்று, கடித்தால் நாக்கு மரத்துப்போயிற்று. "இன்னா எழவுடா இது, நாக்கே இல்லாத மாரி கீது" என்று அந்த அம்மா புலம்பினார். மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. சித்தி ஊற்றிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சித்தி மட்டும் அவசரப்படாமல், மிளகாயைத் தள்ளித் தள்ளி, கோழியைத் தேடித் தேடிச் சாப்பிட்டாள். எனக்கும் ஊட்டினாள். கண்ணில் தண்ணீர் வர வர நான் தின்றேன்.

கடைசியில் அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்குப் புடிச்சிகீது. அந்தக் கண்ணுதான்... அது ஒண்ணும் இல்ல, நல்லா மையை இழுத்து வுட்டா மண்டபத்துல தெரியாது" என்றார். எங்கள் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தரகர் தேதி பேசத் தொடங்கினார்.

"எனக்குப் புடிக்கல" என்றாள் சித்தி.

"சாப்பாடாம்மா?" என்று கேட்டார் தரகர்.

"சாப்பாடு டக்கரா கீது. நான் மாப்ளய சொல்றேன்."

ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் உட்கார, நான் அவள் மடியில் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வாய் ஓயாமல் திட்டினாள். வயது ஏறுகிறது, இனி எவன் வருவான், ஊர் வாயை யார் மூடுவது. "அந்தம்மா தெரியாம ஒரு வாய் தண்ணி கேட்டுட்டாங்க. அதுக்குன்னு வந்த வாழ்க்கையத் தூக்கிப் போடுவியா? அவ்ளோ திமிரா உனக்கு?" என்றாள்.

"அந்தம்மா மேல எனக்கு ஒரு கோவமும் இல்லக்கா. அவங்களுக்குத் தெரியாது" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மூச்சு விடுவது என் முதுகில் ஒரு மாதிரியாகத் தெரிந்தது. காரம் இன்னும் அடங்கவில்லை என்று நினைத்தேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளைக்காகப் பேச அந்தப் பஸ்ஸில் என்னை விட்டால் ஆள் இல்லை. "மாப்ள நல்லவரும்மா" என்றேன். "சித்தி தண்ணி ஊத்துனப்போ அந்தம்மா ஒண்ணுமே சொல்லல. அவரு மட்டும்தான் தேங்க்ஸ் சொன்னாரு."

அம்மா என் பக்கம் குனிந்தாள். "அவரு சித்தியப் பாத்தாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

"பாத்தாரே! நல்லாப் பாத்துட்டு, அப்பாலதான் அட்டையத் தூக்கி மூஞ்ச மறச்சிகினாரு. அவருக்கு வெக்கம்."

கல்மண்டபம் நிறுத்தத்தில் கூட்டம் இறங்கி நிறைய இடம் காலியாயிற்று. அப்பா கூப்பிட்டும் அம்மா போய் உட்காரவில்லை. திருவொற்றியூர் வரும்வரை சித்தியின் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். திட்டவே இல்லை. நான் சொன்னது அம்மாவுக்குச் சரியென்று பட்டுவிட்டது, எப்படியும் அவர்தான் மாப்பிள்ளை என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டே சித்தியின் மடியில் தூங்கிப்போனேன்.